தம்புராவுக்குத் தந்தி எத்தனை?

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும் ஒரு கேள்வி வங்கி இருக்கும் என்று நான் நம்பினேன்.

சும்மா நம்பவில்லை. ஸ்பைரல் பைண்டிங் போட்டு நம்பினேன்.

அந்த நம்பிக்கையை மடியில் வைத்துக்கொண்டு, சேலம் அஸ்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி வராந்தாவில், மர பெஞ்சில், காலை ஒன்பது மணிக்கு நான் உட்கார்ந்திருந்த காட்சிதான் இந்த வாரம். போன வாரம் என் மொபெட் ராசிபுரம் ஏரிக்குள் இறங்கிய கதையைப் படித்துவிட்டு, "உங்களுக்கு அவமானமே கிடையாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதையும் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

வயது ஐம்பதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ. உடம்பில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பையில் வெந்நீர் ஃபிளாஸ்க், பனங்கற்கண்டு, மிளகு. மடியில் நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளும் விடைகளும். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள். அதில் என் கையெழுத்தில்: "மருத்துவர் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும்."

அன்றோடு நான் வாய் திறந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். பெண் குரல். அவசரமே இல்லாமல், குளத்தில் இறங்குவது மாதிரி ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைத்துப் போனது. "இந்த அம்மா இப்படி நிதானமாகப் பாடினால் போர்ஷன் எப்போது முடிப்பார்?" என்றுதான் முதலில் தோன்றியது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும்.

நாலே முக்கால் குரல்

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு விடுதிப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியர். இருபத்து மூன்று வருடம். எங்கள் பக்கத்துப் பள்ளிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பாடம் நடத்துவது வேலையில் கால் பங்கு. மீதி முக்கால் பங்குக்குப் பெயர் 'ஸ்டடி'. காலை ஸ்டடி, மாலை ஸ்டடி, சனிக்கிழமை ஸ்டடி, ஞாயிற்றுக்கிழமை விசேஷ ஸ்டடி. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து படிப்பார்கள். நாங்கள் வரிசைகளுக்கு நடுவில் நடப்போம். இந்த நடையை நேர்க்கோட்டில் நடந்திருந்தால் நான் இந்நேரம் காசிக்குப் போய்த் திரும்பியிருப்பேன்.

சேர்ந்த புதிதில் ஆண்டு விழாவில் ஒரு பாட்டுப் பாடினேன். நன்றாகத்தான் பாடினேன். பின்வரிசையில் சமையல்கட்டு ஆட்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்றார்கள். இறங்கி வந்ததும் தாளாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல குரலுங்க சார். மைக்கே வேண்டாமாட்ட இருக்குது."

நான் நெளிந்தேன்.

"நாளையிலிருந்து காலையில பசங்களை எழுப்பற டூட்டி உங்களுக்குத்தான்."

என் சங்கீத வாழ்க்கை அன்றைக்கு அப்படித்தான் ஆரம்பித்து, அப்படியே முடிந்தது. மறுநாள் நாலே முக்காலுக்கு விடுதி வாசலில் நின்று "எந்திரி! எந்திரி!" என்று கத்தினேன். இருபத்து மூன்று வருடம் விடாமல் கத்தினேன். எங்கள் பள்ளியில் படித்துப் போனவர்கள் இந்த வட்டாரத்தில் மருந்துக் கடையிலும் வங்கியிலும் தாலுகா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். என்னைப் பார்த்தால் கும்பிடுவதற்கு முன்னால் ஒரு கணம் திடுக்கிடுவார்கள். தூக்கத்தில் கேட்ட குரல் இல்லையா.

அந்தக் குரல்தான் ஒருநாள் பதினோராம் வகுப்பில், அமிலத்துக்கும் காரத்துக்கும் நடுவில், டப்பென்று நின்றுபோனது.

காய்ப்பு

அஸ்தம்பட்டியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் குழாய் விட்டுப் பார்த்தார். திரையில் என் தொண்டையை எனக்கே காட்டினார். கோழிக் குஞ்சு வாய் திறந்த மாதிரி இருந்தது.

"குரல் நாண் ரெண்டுலயும் காய்ப்பு விழுந்திருக்கு. மண்வெட்டி பிடிக்கிறவங்க உள்ளங்கையைப் பார்த்திருப்பீங்கல்ல, அந்த மாதிரி. என்ன வேலை பாக்கறீங்க?"

"வாத்தியாருங்க."

"கத்துவீங்களா?"

"அதுதானுங்க வேலையே."

இன்னும் ஒரு வருடம் இப்படியே கத்தினால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்றார். முறையாகக் குரலைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளச் சொன்னார். கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு விளம்பரம். இசைக் கல்லூரி ஒன்றில் வாய்ப்பாட்டுக்கு வார இறுதிப் பட்டயப் படிப்பு. சனி, ஞாயிறு வகுப்பு. வயது வரம்பு இல்லை. குரல் தேர்வும் நேர்காணலும் உண்டு.

எனக்கு முதலில் கண்ணில் பட்டது 'வாய்ப்பாட்டு' இல்லை. 'சனி, ஞாயிறு.'

மறுநாள் தாளாளரிடம் போய் நின்றேன். வெளிநாட்டுக்கு விசா கேட்கிறவன் மாதிரி.

"அட்மிஷன் லெட்டர் கொண்டாங்க சார். சனி ஞாயிறு ஸ்டடியிலிருந்து உங்களை விட்டுடறேன். லெட்டர் இல்லாம சும்மா விட்டா, நாளைக்குப் பிசிக்ஸ் வாத்தியார் பரதநாட்டியம் கத்துக்கப் போறேம்பாரு."

ஆக, கணக்கு இதுதான். இடம் கிடைத்தால் வாரத்தில் இரண்டு நாள் எனக்கு. கிடைக்காவிட்டால் நாலே முக்கால். பாட்டு வருமா வராதா என்பதெல்லாம் பிறகு.

பொய் சொல்கிறேன். பாட்டும் வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் எல்லோரிடமும் சனி ஞாயிறு என்றே சொன்னேன்.

எந்த போர்ஷனுங்க?

சேலத்தில் ஒரு பாட்டு டீச்சரைப் பிடித்தேன். பெயர் கல்பனா. என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு மதியம் எனக்கு மூன்று மணி நேரம் விடுப்பு. அதில் போகவரப் பஸ்ஸுக்குப் பாதிக்கு மேல் போய்விடும். மீதியில் சங்கீதம்.

முதல் நாள் அவர் சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டு, "ஸா மட்டும் பாடுங்க சார்" என்றார்.

பாடினேன். நாலு விநாடி. பிறகு ரிக்குப் போனேன்.

"ஸாவிலயே நில்லுங்க."

நின்றேன். ஐந்தாவது விநாடி கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. சர்ரென்று ரி, க, ம.

"எங்க சார் ஓடறீங்க? பஸ்ஸா போயிடும்?"

பஸ் போய்விடும்தான். ஆனால் காரணம் அது இல்லை. எங்கள் பள்ளியில் ஒரு பாடத்தில் நிற்பது பாவம். ஜூனில் ஆரம்பித்தால் அக்டோபருக்குள் போர்ஷனை முடித்து, நவம்பரிலிருந்து ரிவிஷன், ரிவிஷனுக்கு ரிவிஷன். முடித்துவிட்டேன் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடும் சுகம் இருக்கிறதே, அது வேறு எதிலும் இல்லை.

இரண்டாவது வகுப்புக்குள் யூடியூபைப் பார்த்துச் சரளி வரிசை பதினாலையும் மனப்பாடம் செய்தேன். மூன்றாவது வகுப்புக்குள் ஜண்டை வரிசை, அலங்காரம் ஏழு, கீதம் இரண்டு. ஒரு கீதத்தை ஸ்டாப் வாட்ச் வைத்து ஒன்றரை நிமிடத்தில் முடித்தேன்.

"டீச்சர், போர்ஷனை முன்னாடியே முடிச்சுட்டேன்" என்றேன், முதல் பெஞ்சு மாணவனின் முகத்தோடு.

கல்பனா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எந்த போர்ஷனுங்க சார்? இன்னும் ஸாவே முடியலையே."

எனக்குக் கோபம் வந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு மாதமா? இவரை எங்கள் பள்ளியில் விட்டால் ஹைட்ரஜனிலேயே பொங்கல் வந்துவிடும்.

உள்ளே ஏதோ இருக்கிறது

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பீதி பிடித்தது. கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், போன வருசத்துக் கேள்வித்தாள் கிடைக்குமுங்களா?"

"என்ன கேள்வித்தாள் சார்? வந்து பாடணும். ரெண்டு வார்த்தை பேசுவாங்க. அவ்வளவுதான்."

"ப்ளூ பிரிண்ட் மாதிரி ஏதாவது? எதுக்கு எத்தனை மார்க்குன்னு?"

"சார், நீங்க கட்டடம் கட்டறீங்களா?"

போனை வைத்ததும் எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. மறைக்கிறார்கள். உள்ளே ஏதோ இருக்கிறது. 'அவ்வளவுதான்' என்று சொல்லுகிற எந்தத் தேர்வையும் இருபத்து மூன்று வருடத்தில் நான் பார்த்ததில்லை.

கேள்வி வங்கி கிடைக்கவில்லை என்றால் என்ன, நாமே கட்டிவிடுவோம் என்று இறங்கினேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்த நாலு சங்கீதப் பாடநூல்களைப் பிரித்துப் போட்டு, ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் என்று பிரித்தேன். மேளகர்த்தா ராகங்கள் எத்தனை? தம்புராவுக்குத் தந்தி எத்தனை? சுருதி என்றால் என்ன? முக்கியமான கேள்விகளுக்கு நட்சத்திரம். மிக முக்கியமானவற்றுக்கு இரட்டை நட்சத்திரம். எல்லாமே மிக முக்கியம் என்று தோன்றியதால் புத்தகம் தீபாவளி ராத்திரி மாதிரி ஆகிவிட்டது.

நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி: "நீங்கள் ஏன் இசை கற்க விரும்புகிறீர்கள்?" ஐந்து மதிப்பெண். முன்னுரை, ஆறு குறிப்புகள், முடிவுரை.

என் மனைவி மல்லிகா வீட்டிலேயே தையல் தைக்கிறவள். மெஷினை மிதித்துக்கொண்டே என்னிடம் கேள்வி கேட்பாள். நான் நின்றுகொண்டு ஒப்பிப்பேன். கடைசிக் கேள்விக்கு நான் 'பண்பாட்டு விழுமியங்கள்' என்ற மூன்றாவது குறிப்பில் இருக்கும்போது மெஷின் நின்றது.

"ஏனுங்க, பாடறதுக்கு ஆசைங்கன்னு ஒரே வரியா சொன்னா ஆகாதுங்களா?"

"ஒரு வரிக்கு எவன் அஞ்சு மார்க் போடுவான்?"

"போடாட்டிப் போறாங்க. நெசந்தானுங்களே அது."

"நெசத்துக்கெல்லாம் அரை மார்க்தான். குறிப்புச் சட்டகம் வேணும்."

அவள் மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். அந்த மெஷினின் சத்தத்தில் ஒரு கருத்து இருந்தது.

வெள்ளைப் பூ

கடைசி எட்டு நாளும் மௌனம். டாக்டரின் உத்தரவு. "ரகசியம் பேசறதும் கூடாது. கிசுகிசுன்னு பேசினா இன்னும் மோசம்" என்று எச்சரித்திருந்தார்.

வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். காலையில் விடுதியில் மணி அடித்தேன். பிள்ளைகள் பயந்துபோய் மற்ற நாளைவிடச் சீக்கிரம் எழுந்தார்கள். வீட்டில் ஒரு சிலேட்டு. மல்லிகா மூன்றாவது நாள் சொன்னாள்: "இத்தன வருசத்துல இந்த ஒரு வாரந்தானுங்க ஊடு ஊடாட்ட இருக்குது."

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாள். எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்துக்கு முன்னால் சாமியிடம் பூ கேட்பது வழக்கம். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சன்னதியில் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். நினைத்த நிறம் வந்தால் சாமி சரி என்றுவிட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்தினாள். "வெள்ளை வந்துருச்சுங்க! வெள்ளைதான் நெனச்சிருந்தேன்!"

நான் சிலேட்டில் எழுதினேன்: "சீட் கிடைச்சிரும்?"

படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சீட்டைப் பத்தி எங்கீங்க கேட்டேன்? தொண்டை சரியாவுமான்னு கேட்டேனுங்க."

ஒரே ஒரு கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்து, அதையும் பாடத்துக்கு வெளியே கேட்டிருக்கிறாள். சிலேட்டில் எழுத இடம் போதவில்லை.

பெஞ்சு

இப்போது பெஞ்சுக்கு வருவோம்.

எங்கள் பெஞ்சில் ஐந்து பேர். ஒரு பல் டாக்டர். தபால் நிலையத்தில் ஓய்வுபெற்ற ஓர் அம்மா. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கும் குமரேசன். கை நகங்களில் பச்சைப் பெயிண்ட் இருந்தது. நான். என் பக்கத்தில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திடுக்கிடல் எனக்குத் தெரியும்.

"சார்... கெமிஸ்ட்ரி தங்கவேல் சார்தானே? நான் சுமதி சார். வாழப்பாடி சுமதி. பி செக்‌ஷன்."

நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க பேசாம இருக்கீங்களா? எங்க பேட்ச் வாட்ஸாப் குரூப்புல சொன்னா நம்பவே மாட்டாங்க சார்."

பிறகு மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். அவள் கண்ணில் பழைய பரீட்சைப் பசி எழுந்தது. "கொஸ்டின் பேங்க்கா சார்? வச்சிருக்கீங்களா? எனக்குத் தெரியும், ஏதோ ஒண்ணு இருக்கும்னு! ஆபீஸ்ல இல்லவே இல்லைன்னுட்டாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வார்த்த பிள்ளை. புத்தகத்தைக் கொடுத்தேன். பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். தபால் அம்மா கண்ணாடியை மாட்டினார். குமரேசன் எழுந்து வந்து எதிரில் குந்தினார்.

"நான் கேக்கறேன், எல்லாரும் சொல்லுங்க" என்றாள் சுமதி. "மேளகர்த்தா ராகங்கள் எத்தனை?"

குமரேசன் யோசித்தார். "எழுவத்தாறுங்க."

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லைன்னு நெனைக்கிறேன்" என்றார் பல் டாக்டர். "அறுபத்து நாலு. கலை அறுபத்து நாலு இல்லையா? ராகமும் அதேதான்."

தபால் அம்மா, "தொண்ணூத்தி ஒண்ணு" என்றார். எதற்கு அந்த எண் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எழுபத்திரண்டு!"

சத்தம் எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் வாய்தான் திறந்திருந்தது.

எட்டு நாள். எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டும் திறக்காத வாய். ஒரு தப்பான விடையைக் கேட்டதும் திறந்துகொண்டது.

"எழுபத்திரண்டு! ஏன் எழுபத்திரண்டு? சுத்த மத்தியமம் முப்பத்தாறு, பிரதி மத்தியமம் முப்பத்தாறு. கூட்டினா?"

"எழுபத்திரண்டு சார்!" என்றார்கள் நாலு பேரும்.

"குமரேசன், திரும்பச் சொல்லுங்க."

"எழுவத்திரண்டுங் சார்."

சுமதி தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சார், டாக்டர் பேசக் கூடாதுன்னு..."

"ஒரு நிமிஷம்மா. இதை மட்டும் முடிச்சிடறேன்."

ஒரு நிமிடம் என்பது எங்கள் பள்ளிக் கணக்கில் ஒன்றே முக்கால் மணி நேரம். எழுந்து நின்றுவிட்டேன். நின்றுகொண்டால்தான் எனக்குப் பாடம் வரும். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தம்புராவுக்குத் தந்தி நாலு. தாளம் ஏழு. சுருதி என்றால் என்ன, இரண்டு மதிப்பெண், மூன்று வரிக்கு மேல் எழுதாதே. நடுவில் ஒரு ஸ்லிப் டெஸ்ட் வைத்தேன். பல் டாக்டர் தபால் அம்மாவைப் பார்த்து எழுதினார். பிடித்தேன்.

ஒருமுறை கதவு திறந்து ஓர் இளைஞர் தலையை நீட்டினார். "சார், உள்ள பாடறது கேக்கலைங்க. கொஞ்சம் மெதுவா..."

அன்று வரை என் வாழ்நாளில் 'சத்தம் போடாதே' என்று சொல்லி வந்தவன் நான். சரி என்று தலையாட்டிவிட்டு, மீதிப் பாடத்தைக் கிசுகிசுப்பாக நடத்தினேன். டாக்டர் எதைச் செய்யவே கூடாது என்றாரோ, அதை அறுபது கேள்விக்குச் செய்தேன்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பல் டாக்டர், அம்மா, குமரேசன். அவர்கள் முடித்துவிட்டு வேறு வழியாகப் போய்விட்டதால் உள்ளே என்ன கேட்டார்கள் என்று தெரியவில்லை. சுமதி போகும்போது, "ஆல் தி பெஸ்ட் சார்" என்றாள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

சைக்கிள் பம்ப்பில் வருவது மாதிரி காற்று வந்தது.

ஸா

உள்ளே மூன்று பேர். நடுவில் வயதான அம்மா ஒருவர், மூக்கின் நுனியில் கண்ணாடி.

"நீங்கதானே வெளிய பாடம் நடத்தினது?"

தலையாட்டினேன்.

"உங்க குரலை நாங்க ரெண்டு மணி நேரமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். உக்காருங்க. என்ன பாடப்போறீங்க?"

நான் கீதத்தின் பெயரைச் சொன்னேன். காற்று சொன்னது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் என் ஃபிளாஸ்கை எடுத்தேன். மூடி கை நழுவி உருண்டு மேஜைக்கு அடியில் போனது. அந்த அம்மா தன் வெந்நீரை ஒரு டம்ளரில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க. அவசரமில்லை."

குடித்தேன். அவர் சுருதிப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கிவைத்தார்.

"கீதம் வேண்டாம். ஸா மட்டும் சொல்லுங்க."

பாடினேன். கரடுமுரடாக, கல்லும் மண்ணுமாக ஒன்று வந்தது. ஆனால் சுருதியில் வந்தது. ரிக்கு ஓடலாம் என்று பார்த்தேன். ஓடுவதற்குக் குரலில் தெம்பு இல்லை. அதனால் அங்கேயே நின்றேன். மூச்சு முடிந்தது. மறுபடி எடுத்தேன். அதே இடம். மின்விசிறி சுற்றுகிற சத்தம், சுருதிப் பெட்டி, நடுவில் நான். எத்தனை நேரம் என்று தெரியாது. ஸ்டாப் வாட்ச் வெளியே பையில் இருந்தது. களைப்பாக இருந்தது, ஆனால் இத்தனை வருடக் களைப்பில் அது ஒன்றுதான் உட்கார்ந்து வந்த களைப்பு.

"ஏன் சேரணும்னு நினைக்கிறீங்க?" என்றார் அந்த அம்மா.

நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி! வந்தேவிட்டது! முன்னுரை நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் முன்னுரைக்கும் ஆறு குறிப்புகளுக்கும் முடிவுரைக்கும் தொண்டையில் இடமில்லை. ஒரு வரிக்குத்தான் இருந்தது.

"பாடறதுக்கு ஆசைங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இத்தனை நாள் ஏன் பாடலை?"

"ஸ்டடி இருந்துச்சுங்க."

எதையோ எழுதினார். நான் குனிந்து ஃபிளாஸ்க் மூடியைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பட்டியல்

பத்து நாள் கழித்துச் சுமதி போன் செய்தாள். அதற்குள் எனக்குப் பேச்சு திரும்பியிருந்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, காய்ப்பு கொஞ்சம் வற்றியிருக்கிறது என்றார். மல்லிகா, "பூ பொய் சொல்லுமுங்களா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சார், லிஸ்ட் போட்டுட்டாங்க. என் பேரு இருக்கு. குமரேசன் அண்ணன், டாக்டர், அந்தத் தபால் ஆபீஸ் அம்மா, எல்லாருக்கும் கிடைச்சிருச்சு." பிறகு குரலை இறக்கினாள். "சார்..."

"தெரியும்மா. நான் கேக்கணும்னு இருந்தேன். உங்கிட்ட எத்தனாவது கேள்வி வந்துச்சு?"

"எந்தக் கேள்வி சார்?"

"நம்ம புத்தகத்துல."

"ஒண்ணும் வரல சார். பாடச் சொன்னாங்க. ஏன் சேரணும்னு கேட்டாங்க. எல்லார்கிட்டயும் அவ்வளவுதான் கேட்டாங்களாம். குமரேசன் அண்ணன் மட்டும், கேக்காமயே மேளகர்த்தா எழுவத்திரண்டுங்கன்னு சொல்லிட்டு வந்தாராம்."

நூற்றுப் பதினோரு கேள்விகள் யாரிடமும் கேட்கப்படவில்லை. எங்கள் பெஞ்சில் ஐந்து பேரில் நாலு பேருக்கு இடம் கிடைத்தது. என் பெயர் பட்டியலில் இல்லை. வகுப்பு ஆரம்பித்த சனிக்கிழமை, காலை நாலே முக்காலுக்கு, நான் விடுதி வாசலில் நின்று மணி அடித்தேன்.